மூன்று சிறைகளின் வழியே துணை வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மார்கரெட் கசின்ஸைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வாய்மொழித் தேர்வில் சொன்ன திருத்தங்களையும் முடித்துக் கொடுத்தாயிற்று. ஆய்வேட்டின் முகப்பில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, மேற்பார்வையாளர், நூலகம், துறை என்று வரிசைக்கிரமமாக இருக்கிறது. ஆனால் பணம் அனுப்பியவர்களில் பலரும் சோறு போட்டவர்களில் எல்லோரும் தமிழர்கள். அந்தப் பக்கத்தை உங்களிடம் நீட்டினால் சரியாக வராது. அதனால் இந்த மடல்.

"யாரம்மா அந்தக் கசின்ஸ்?" என்று கேட்டுக்கொண்டேதான் உங்களில் பலர் பணம் அனுப்பினீர்கள். அவசரத்தில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1878-ல் அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் பாய்ல் என்ற சிற்றூரில் பிறந்தவர். டப்ளினில் இசை படித்தார். 1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து அயர்லாந்துப் பெண்களின் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910-ல் லண்டன் டவுனிங் தெருவில் ஜன்னல் உடைத்து ஹாலோவே சிறைக்குப் போனார். 1913 ஜனவரியில், பிரிட்டிஷ் அரசின் தலைமையிடமாக இருந்த டப்ளின் கோட்டையின் ஜன்னல்களை உடைத்து, அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள டல்லமோர் ஊர்ச் சிறைக்குப் போனார். 1915-ல் கணவர் ஜேம்ஸோடு இந்தியாவுக்கு வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோரோடு முன்னின்றவர் இவர். 1922-ல் இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட் ஆனார். இரண்டு முறை கம்பி எண்ணியவரை நீதி வழங்கச் சொன்ன அரசு, பத்தாண்டு கழித்து, அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசினார் என்று அவரையே வேலூர்ச் சிறையில் அடைத்தது. 1954-ல் அடையாறிலேயே காலமானார். மதனப்பள்ளியில் தாகூரின் 'ஜன கண மன'வுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். என் ஆய்வில் அது ஒரு பத்திதான்.

சென்னையில் கசின்ஸ் அம்மையாரை அறிந்தவர்களுக்கு டல்லமோர் தெரியாது. டல்லமோரில் அவரை அறிந்தவர்களுக்கு வேலூர் வெறும் அடிக்குறிப்பு. இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையாகப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆய்வு. அயர்லாந்துப் பெண்கள் வரலாறு என்றால் அயர்லாந்து மண்ணோடு அது முடிந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை. நல்கைக்கு விண்ணப்பித்த ஓர் இடத்தில், அயர்லாந்துப் பெண்ணைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒருவர் ஏன் எழுத வேண்டும் என்ற பொருளில் மறுப்புக் கடிதம் வந்தது. இன்னோர் இடத்தில், இது இந்திய வரலாறு, எங்கள் வரம்பில் வராது என்றார்கள். இரண்டு நாட்டுக்கும் சொந்தமானவர், நிதி என்று வந்தால் இரண்டு நாட்டுக்கும் வேண்டாதவர். அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் நீங்கள்.

டப்ளினில் பிஷப் தெருவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே படிக்க அனுமதிச் சீட்டு இலவசம், கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்திலும் அப்படித்தான். பென்சில் மட்டும்தான் உள்ளே. வாசகர் அறைப் பணியாளர்களுக்கு என் முதல் நன்றி. சிறைத்துறையின் வாக்குரிமைப் போராளிகள் கோப்புகளை அவர்கள்தான் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கோப்பை வெறுமனே திறந்தால் ஒன்றும் புரியாது. சிறை அதிகாரி ஒரு குறிப்பு எழுதுவார். அது டப்ளினுக்குப் போகும். ஓரத்தில் இன்னொருவர் ஒரு வரி எழுதி, முதலெழுத்துக் கையொப்பம் போடுவார். அதற்கு மேலே கோட்டையிலிருந்து வேறொரு மசி. யார் யாருக்கு மேலதிகாரி, எந்த மசி யாருடையது, எந்த 'பார்த்தேன்' உண்மையில் மறுப்பு என்று தெரிந்தால்தான் கதை நகரும். சிறை மருத்துவரின் கையெழுத்து மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. நம் ஊர் மருந்துச் சீட்டையே படித்துவிடும் மருந்துக்கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அந்தக் கோப்புகளில்தான் டல்லமோர் எனக்குத் தெளிவானது. மார்கரெட்டும் உடன் கைதானவர்களும் தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்தபோது பட்டினி கிடந்தார்கள், கேட்டதைப் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் டப்ளின் மவுன்ட்ஜாய் சிறையில், பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்க்வித்தின் வருகையை எதிர்த்த வாக்குரிமைப் போராளிகள் மேரி லீ, கிளாடிஸ் எவன்ஸ் இருவருக்கும் குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியிருந்தார்கள். அது மறுபடி நேருமோ என்ற பயம் டல்லமோர்க் கோப்பின் ஓரக் குறிப்புகளில் தெரிகிறது. மருத்துவர் பயப்படுகிறார், அதிகாரி பயப்படுகிறார், கோட்டை கோபப்படுகிறது. கைதிகள் மட்டும் பயந்ததாக எந்த வரியிலும் தெரியவில்லை. அவர்கள் எழுதியது கோப்பில் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பை எழுதியது அரசாங்கம். அவர்கள் பக்கத்துக் குரலுக்கு மார்கரெட்டும் ஜேம்ஸும் சேர்ந்து எழுதி 1950-ல் சென்னையில் அச்சான தன்வரலாறு இருக்கிறது, 1912-ல் தொடங்கிய 'ஐரிஷ் சிட்டிசன்' வார இதழ் இருக்கிறது. இதழை நூலகத்தின் மைக்ரோஃபிலிம் சுருளில்தான் பார்த்தேன். அந்த இயந்திரம் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் எழுந்து வந்து சரிசெய்த அந்தப் பணியாளருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

டல்லமோருக்குப் போகும் ரயில் செலவை, கோயம்புத்தூரிலிருந்து ஓர் அண்ணன் மொத்தமாக அனுப்பினார். பெயர் சொல்லக் கூடாது என்றார். சொல்லவில்லை. சிறை இப்போது சிறையாக இல்லை. 1922-ல் உள்நாட்டுப் போரின்போது எரிந்தது, பிறகு அந்த இடத்தில் நூற்பாலை வந்தது. கோட்டைபோல முகப்பு மட்டும் இன்றும் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியரை நான் 'சார்' என்று கூப்பிட்டேன். பள்ளியை விட்ட பிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று சிரித்தார். 1913-ஆம் ஆண்டு உள்ளூர்ச் செய்தித்தாள்களிலிருந்து அவர் தன் கையால் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒரு பெரிய உதவியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார்: அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்தின் பெயர் ஆஃபலி இல்லை, 'கிங்ஸ் கவுண்டி'. இப்போதைய பெயரைப் போட்டுத் தேடினால் பட்டியலில் ஒன்றும் அகப்படாது. இது தெரிந்த பிறகு என் இரண்டாவது இயல் இரண்டு மடங்கானது. சார், குறிப்பேட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன், நகலும் வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அயர்லாந்துப் பெண்கள் வரலாற்றுச் சங்கத்துக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. 1989-ல் தொடங்கிய சங்கம். அதற்கு முன்னால் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக்கு இருந்த இடம் எவ்வளவு என்பதை மார்கரெட் மக்கர்ட்டின் போன்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். டொமினிகன் துறவி, வரலாற்றாசிரியர், 2020-ல் மறைந்தார். பெண்களுக்கு வரலாறு உண்டு என்பதையே வாதாடி நிறுவ வேண்டியிருந்த தலைமுறை அது. அவர் பெயரிலும் மேரி கல்லன் பெயரிலும் சங்கம் கட்டுரைப் பரிசு தருகிறது. அன்னா பார்னல் பெயரில் பயணத் தொகையும் உண்டு. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். 1881-ல், குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய நிலச் சங்கத்து ஆண்கள் சிறைக்குப் போனதும் பெண்களின் நிலச் சங்கத்தை நடத்தியவர் அன்னா. வெளியே வந்த அண்ணன் சார்ல்ஸ் பார்னல் நிதியை நிறுத்தினார், சங்கம் கலைந்தது. அந்தக் கசப்பை 1907-ல் அன்னா எழுதி வைத்தார், அது நூலாக வெளிவந்தது 1986-ல்தான். அண்ணன் நிறுத்திய பணத்தை அன்னாவின் பெயரில் இப்போது மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் ஒரு மூத்த ஆய்வாளர், தான் பல வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்த சிறைக் கடிதங்களின் பிரதியை என் மின்னஞ்சலுக்கு அன்றிரவே அனுப்பினார். அச்சாகாத உழைப்பு. நான் கேட்கக்கூட இல்லை. நம் பக்கத்தில் ஆவணம் கிடைத்தவர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான், அதனால் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு ஒரு வரி நன்றி போதுமென்று நினைத்தேன், போதாது. அயர்லாந்து விடுதலைப் போராளிகளின் ஓய்வூதியக் கோப்புகளை 2014 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மார்கரெட் ஸ்கின்னிடர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 டப்ளின் எழுச்சியில் துப்பாக்கிச் சூட்டில் படுகாயம் பட்டவர். 1925-ல் ஓய்வூதியம் கேட்டபோது, சட்டத்தில் படைவீரர் என்றால் ஆண்தான் என்று மறுத்துவிட்டார்கள். சட்டம் மாறி, 1938-ல்தான் கிடைத்தது. பெண் அரசியல் கைதியை அரசு படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதும் என்ற என் கேள்விக்கு, அந்தக் கோப்பு சென்னையில் தங்கும் அறையிலிருந்தே பதில் தந்தது. விமானச் சீட்டு மிச்சம். மக்கள்தொகைக் கணக்கு 1901, 1911 இரண்டும் அதே போல இலவசம். 1911 கணக்கெடுப்பை வாக்குரிமைக் கழகப் பெண்கள் புறக்கணித்தார்கள். ஆகவே நான் தேடிய சிலர் அதில் இல்லாததே எனக்குச் சான்று.

"பழைய காகிதத்துக்கு இவ்வளவு செலவா?" என்று பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. ட்யூம் நகரத்துக் காத்தரின் கார்லெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பா. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத உள்ளூர் வரலாற்று ஆர்வலர். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய தாய்-சேய் இல்லத்தில் 1925-லிருந்து 1961 வரை இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைக் கட்டணம் கட்டி வாங்கிப் பட்டியல் போட்டார். அடக்கம் செய்ததற்குப் பதிவு தேடினால் கிடைக்கவில்லை. பிறகு நாடே விசாரணை நடத்த வேண்டி வந்தது. காகிதத்துக்கு யாரோ ஒருவர் கைக்காசு போடுகிறார்கள், எப்போதும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். டப்ளின் புறநகரான டாலாவில் இரண்டு வருடம் அறை கொடுத்த நர்ஸ் அக்காவுக்கு என்ன எழுதுவது? டப்ளின் வாடகை உங்களுக்குத் தெரியும். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், குடியேற்றப் பதிவுக்கு மட்டும் 300 யூரோ. அக்கா நைட் டூட்டி முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் எனக்கும் சேர்த்துச் சாம்பார் வைத்துவிட்டுப் படுப்பார். ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் சிறை சென்றதால் ஆசிரியர் வேலையை இழந்த கதையைச் சொன்னபோது, "அப்புறம் வீட்டுச் செலவுக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். என் தேர்வாளர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அக்கா கேட்டதால்தான் மூன்றாவது இயலில் வருமானம் பற்றிய பகுதி வந்தது.

இந்திய மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' இதழின் தமிழ்ப் பக்கங்களை எனக்காக வாசித்து, பழைய நடையின் நெளிவுசுளிவுகளை விளக்கிய மயிலாப்பூர் டீச்சருக்கும், அடையாறு நூலகத்துக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட தம்பிக்கும், படிவங்களைத் திருத்திய தோழிக்கும் நன்றி. அம்மா, உனக்குத் தனியாக எழுதுகிறேன், இங்கே வேண்டாம்.

கணக்கு: நீங்கள் அனுப்பியதில் பெரும்பகுதி பயணத்துக்கும் நகல் கட்டணத்துக்கும் போனது. வரவு செலவு ஒரு தாளில் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வரும் கோடையில் பாய்லுக்குப் போக விரும்பும் மதுரைப் பெண் ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறேன். கசின்ஸின் பள்ளிக்காலம் பற்றி எழுதப்போகிறார். மறுப்பு இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். என் தட்டச்சுப் பிரதிகளை எல்லாம் அவரிடம் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி,
டப்ளின்