அறிவிப்புப் பலகையைத் தடவிப் பார்க்கும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வைத்திறன் குறையுடையோருக்கான சிறப்புப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை நடைபெறும் இந்நாள்களில், அப்பள்ளிகளின் நிர்வாக நடைமுறை குறித்து ஒரு செய்தியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அத்தகைய பள்ளி ஒன்றின் விடுதியில் பத்து ஆண்டுகள் தங்கிப் படித்தவன் நான். பின்னர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். நான் படித்த பள்ளி எது என்பது இங்கே வேண்டியதில்லை.

எங்கள் பள்ளி அலுவலக வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. புதிய சுற்றறிக்கை ஒட்டப்பட்டால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பலகையின் மேல் கையை ஓட்டினால் பசையின் ஈரம் விரலில் படும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ரயில் கட்டணச் சலுகைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அந்தப் பலகையிலேயே இருந்து, அந்தப் பலகையிலேயே கடந்து போயிற்று. முழுக் கட்டணம் கொடுக்க வழியில்லாத நாங்கள் ஆறு பேர் அந்தத் தீபாவளியை விடுதியிலேயே கழித்தோம். சமையல்கார அம்மா தம் வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். அலுவலகத்தில் கேட்டபோது, "போர்டில் போட்டிருந்தோமே" என்றார்கள்.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. சென்ற ஆண்டு வேறொரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தேன். விடுதி விதிகள் அழகாக அச்சிடப்பட்டுச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதாக உடன் வந்தவர் சொன்னார். அருகிலேயே பூட்டிய புகார்ப் பெட்டி. பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம், இதில் எப்போதாவது எதையாவது போட்டதுண்டா என்று கேட்டேன். "போடணும்னா யாரையாவது எழுதச் சொல்லணும் சார். சாயங்காலத்துக்கு மேல இங்க பார்வை உள்ளவர் வார்டன் சார் ஒருத்தர்தான்" என்றார். விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் எழுதிப் போடலாமே என்றேன். பெட்டியைத் திறப்பவருக்குப் பிரெயில் தெரியாது. அவர் அதைப் படிக்கச் சொல்லி யாரிடம் கொடுப்பார் என்பதுதான் பயம் என்று விடை வந்தது. விடுதிக் காப்பாளரைப் பற்றிய முறையீட்டை அவர் கையாலேயே எழுதி வாங்க வேண்டிய நிலையில், அந்தப் பெட்டியின் பூட்டு எதைக் காக்கிறது? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் அந்தச் சுவரிலேயே, அதே அச்செழுத்தில்தான் இருந்தன. தொலைபேசியோ அலுவலக அறைக்குள் இருந்தது.

பொருள்கள் வழங்கும் பதிவேட்டிலும் இதே கதைதான். சீருடை, வெண்கோல், பிரெயில் தாள் என்று வரிசையாக எழுதப்பட்ட பக்கத்தின் அடியில் மாணவரின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் படித்து, பாடநூலை விரலால் சரளமாக வாசிக்கிற ஒரு பிள்ளையின் அதே விரல் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைநாட்டு விரலாகிவிடுகிறது. எத்தனை உருப்படிக்கு ஒப்புதல் தருகிறோம் என்று வாசித்துக் காட்டும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. முறைகேடு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் மாணவருக்குத் தெரிய வழியில்லை என்றுதான் சொல்கிறேன்.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பிரெயிலைச் சேர்த்திருக்கிறது. அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வருபவை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு கூறுகிறது. பிரெயில் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் உள்ளிட்டு, பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கூட, புலன் குறைபாடு உடையவர் ஓர் ஆவணத்தைப் பார்வையிட வேண்டுமானால் அதற்கான உதவியைப் பொதுத் தகவல் அலுவலரே செய்து தர வேண்டும் என்று 7ஆம் பிரிவில் விதித்துள்ளது. எழுத்துத் தேர்வுகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, சொல்வதை எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தேர்வர் சந்தித்து, அவர் தமக்குப் பொருந்துவாரா என்று பார்த்துக்கொள்ள இடம் தந்தது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டென்பதை மாணவர் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். இந்த இரண்டு நாள் விவரம் நான் கேட்ட மாணவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தாளும் ஏதோ ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருக்கும்.

தலைமையாசிரியர்களிடம் பேசினால், காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவதாகக் கூறுகிறார்கள். உண்மைதான், சொல்கிறார்கள். ஆனால் ஒருமுறை காதில் விழுந்ததை மறுபடி எடுத்துப் பார்க்க முடியாது, "அப்படியா சொன்னேன்?" என்று சொன்னவரே கேட்டால் காட்டுவதற்கு மாணவரிடம் எதுவும் இல்லை. பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் கூட்டத்தில் சொல்லத்தான் செய்கிறார்கள், கூடவே தாளும் கொடுக்கிறார்கள்.

ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை என்பது அடுத்த சமாதானம். தமிழ்ப் பிரெயிலில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் கிடையாது. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக அடுத்தடுத்து எழுதிவிடலாம் என்பதால், முப்பது சொச்சம் வடிவங்களைக் கற்றால் போதும். நாங்கள் படித்த காலத்தில் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் பிரெயில் புள்ளிகளைக் குத்தும் சிலேட்டையும் எழுத்தாணியையும் எங்களிடமே கேட்டு வாங்கி, ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும் என்பதை மறந்து, தம் முதல் அறிவிப்பை அவர் இடமிருந்து குத்திவிட்டார். ஒரு வாரம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இரண்டாவது அறிவிப்பைச் சரியாகக் குத்தினார். அவர் மாற்றலாகிப் போகும்வரை யாரும் எந்தக் கடைசி நாளையும் தவறவிடவில்லை. இன்றைக்கோ பள்ளிகளில் கணினி இருக்கிறது, திரையில் உள்ள தமிழை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கப்பட்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. பாடநூல் பிரெயிலுக்கு வந்துவிட்டது, வினாத்தாளைக் குறித்தும் பேசுகிறோம். விதிப் புத்தகமும் விடுப்புப் படிவமும் பதிவேடும் மட்டும் இன்னும் பார்வையுள்ளவர்களுக்காகவே எழுதப்படுகின்றன.

தனியார் நடத்தும் சிறப்புப் பள்ளிகள் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்று பெற்றாக வேண்டும். அரசுப் பள்ளிகளுக்குப் பதிவு தேவையில்லை என்றாலும் துறை அலுவலர்களின் ஆய்வு உண்டு. இரண்டு இடத்திலும் கழிப்பறை, கட்டட உறுதி, ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கும் அலுவலர், கூடவே ஒரு மாணவரைத் தனியாக அழைத்து, அவர் தங்கியிருக்கும் விடுதியின் விதிகளை அவரே எடுத்து வந்து வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்க முடியாவிட்டால் அதை அந்த மாணவரின் குறையாக அல்லாமல் பள்ளியின் குறையாக ஆய்வறிக்கையில் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.