பங்குனி முற்றுவதற்குள் ஒரு மலை

வேலூர் வட்டாரப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று நீங்கள் கூடிப் பேசுவதற்கு முன் என் கோரிக்கையையும் கேட்டுவிடுங்கள். இந்த முறை பிள்ளைகளை நம் ஊர்ப் பக்கத்துக் குன்று ஒன்றில் ஏற்றுங்கள். பெற்றோரும் கூட வரட்டும். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

போன ஆண்டு என் மகள் வகுப்போடு கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போய்வந்தாள். விடிவதற்கு முன் பஸ் ஏறியவள் இரவு பத்து மணிக்குத் துவண்டுபோய் இறங்கினாள். எதைக் கேட்டாலும் வரிசையில் நின்ற கதையைத்தான் சொன்னாள். அதற்கு நாங்கள் கட்டிய பணம் ஒரு வாரக் குடும்பச் செலவு. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அன்று வீட்டிலேயே இருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

இந்த மாசிக் கடைசியில் நாங்கள் குடும்பத்தோடு, காட்பாடிப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கும் வள்ளிமலைக்குப் போனோம். பத்து வயது மகள், ஆறு வயது மகன், நாங்கள் இருவர், என் அம்மா. ஆறரை மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தோம். தேர்த் திருவிழா முடிந்து ஊர் அமைதியாக இருந்தது. புங்க மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் தளிரோடு நின்றன. அம்மா படிக்குப் படி உட்கார்ந்து கதை சொன்னார்: வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைத்தது, நம்பிராசன் அவளை எடுத்து வளர்த்தது, தினைப்புனத்தில் பரண் மேல் நின்று அவள் கிளி விரட்டியது, முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டது. மகனுக்கு யானை வந்து மிரட்டிய இடம்தான் பிடித்தது. மூன்று முறை சொல்ல வைத்தான்.

பாதி வழியில் ஒரு பாறை ஓணான். முதுகில் செம்மை ஏறிய ஆண். நாங்கள் நின்றதும் அதுவும் நின்றது. பிறகு முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கியது. இது தன் இடம் என்று மற்ற ஓணான்களுக்கு அது அறிவிக்கும் முறை என்று சொன்னேன். வீட்டில் ஒரு நிமிடம் உட்காராத என் மகன், மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் அதன் எதிரே குந்தியிருந்தான். ஓணான் தலையை அசைத்தால் இவனும் அசைத்தான். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

கிழக்குச் சரிவில் இருக்கும் சமணக் குகைக்கும் போனோம். சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், பாறையில் செதுக்கியபடி வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். "இவர் கையில் ஏன் வேல் இல்லை?" என்று மகள் கேட்டாள். ஒன்பதாம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் சமணருக்காகச் செய்வித்த குகை இது என்றும், கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன். குறத்தி வள்ளியின் மலையில் கன்னடக் கல்வெட்டும் சமணக் குகையும் எப்படி வந்தன என்று வீடு திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். எந்தச் சமூக அறிவியல் பாடமும் அவளிடம் இத்தனை கேள்விகளை எழுப்பியதில்லை. அருகிலுள்ள மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனின் நினைவாக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் அரை நாளில் இரண்டு வரலாறு.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைக் குடித்ததை எந்தப் பெற்றோரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அதனால்தான் காய்ந்த புல் நிற்கும் காப்புக்காட்டைக் கேட்காமல், படி கட்டிய, ஆள் நடமாட்டம் உள்ள குன்றைக் கேட்கிறேன். அனுமதியில்லாத காட்டுப் பாதையில் ஒரு பிள்ளையையும் இறக்கக் கூடாது. வெயிலும் உண்மைதான். சித்திரை பிறந்தால் நம் ஊரில் நாற்பது டிகிரி தாண்டும், வெறுங்காலோடு ஏறும் படி தோசைக்கல்லாகிவிடும். ஆகவே மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ போய்விட வேண்டும். பத்து மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கும் அது இடைஞ்சலாகாது.

குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் பாய்ந்து வரும். துணிப்பையில் கட்டி, பெரியவர்கள் தோளில் மாட்டிக்கொண்டால் தொல்லை குறைவு. மலைமேல் எதையும் பிரிக்காமல், இறங்கிவந்து மர நிழலில் புளிச்சோறும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வதக்கலும் சாப்பிட்டோம். பிள்ளைகள் தூக்குவாளியைத் துடைத்து வைத்தார்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் என்றால் சோளிங்கர் சின்ன மலை, 406 படி. பெரிய வகுப்பு என்றால் எதிரே பெரிய மலை, 1,305 படி. ஆற்காட்டுப் பக்கத்தாருக்கு ரத்தினகிரி கைக்கெட்டும் தூரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. என் மகளும் அதை எங்கோ கேட்டுவந்து ஒப்பித்தாள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குச் சாமி 1981ஆம் ஆண்டே திரும்பி வந்துவிட்டார். மலையைப் பற்றிய பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. நம் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதன் இடுக்கில் வேர் பிடித்த இச்சி மரத்தையும், கோடையிலும் நீர் தேங்கும் சுனையையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். இல்லாததை மட்டும் சொல்லி அவர்களை வளர்க்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். காட்பாடிப் பக்கத்துப் பள்ளி எதுவானாலும் தேதி குறித்துச் சொல்லி அனுப்புங்கள். அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மோர் என் வீட்டிலிருந்து வரும். நானே தூக்கி வருகிறேன்.

அன்புடன்,
இரு பிள்ளைகளின் தகப்பன்,
காட்பாடி