டாப்ளர் வாங்கலாமா என்று கேட்டாயே

தக்கலை

அன்புள்ள ராணிக்கு,

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று வாசித்ததும் மனசு குளிர்ந்துபோச்சு. இங்கே விடாத மழை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், அத்தான் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ கேட்டதுக்கு வருகிறேன். துபாயிலிருந்து மகனும் வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கணுமாம், அதுக்கு வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்கும் அந்த டாப்ளர் கருவியை ஆன்லைனில் வாங்கலாமா என்கிறாய். பிரசவ வார்டிலேயே நரைத்தவள் சொல்கிறேன், வேண்டாம் ஏட்டி.

அனுமதி உள்ள கருவிதானே என்கிறான் உன் மகன். அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை டாக்டர் சீட்டுக்கு விற்கும் கருவியாகத்தான் வைத்திருக்கிறது. ஆசைக்கு வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள் என்று 2014-லேயே எச்சரித்தும் இருக்கிறது. டாப்ளர் உள்ளே அனுப்பும் அல்ட்ராசவுண்ட் ஒலி அலை திசுவை லேசாகச் சூடாக்கும். வீட்டில் எவ்வளவு நேரம் வைக்கிறார்கள் என்று யார் பார்ப்பது? நம் நாட்டிலும் 2017 மருத்துவக் கருவி விதிகள் உண்டு. வெளிநாட்டுச் சரக்கென்றால் பெட்டியில் இறக்குமதி லைசென்ஸ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கணும். ஆனால் எண் சரியாக இருந்தாலும் கேட்கத் தெரியணுமே!

நர்ஸ் மாணவிகளே முதலில் தடுமாறுவார்கள். ஜெல் தடவி வைத்ததும் காதில் விழுவது பெரும்பாலும் தாயின் ரத்தக்குழாய்த் துடிப்பு, இல்லாவிட்டால் நச்சுக்கொடியில் ரத்தம் ஓடும் இரைச்சல். பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. பயந்துபோன தாயின் நாடியும் 120-ஐத் தொடும். அதனால்தான் ஒரு கை டாப்ளரிலும் மறு கை அவள் மணிக்கட்டிலுமாக நிற்போம். இரண்டும் சேர்ந்து துடித்தால் அது பிள்ளை இல்லை.

மூன்றாம் மாதம் சத்தம் சிக்காவிட்டால் வீடே அழும், அதையாவது ஒரு ஸ்கேனில் சரிசெய்யலாம். எனக்குப் பயம் கடைசி மாதங்கள்தான். அசைவு குறைந்திருக்கும், சத்தம் கேட்குதே என்று விடியும்வரை இருந்துவிடுவார்கள். இப்படி டாப்ளரை நம்பித் தாமதித்து, 38 வாரத்தில் பிள்ளை இறந்த ஒரு சம்பவத்தை 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருந்தார்கள். துடிப்பு இருந்தாலும் பிள்ளை திணறிக்கொண்டிருக்கலாம், ராணி.

அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். உன் மகனுக்கு ஆசை தீரணுமா? செக்கப் நாளில் நர்ஸ் டாப்ளர் வைக்கும்போது அவனுக்குப் போனில் கேட்க வைக்கலாமா என்று மருமகள் அனுமதி கேட்கட்டும், காசும் மிச்சம்.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுது. மட்டிப்பழக் குலை என் பொறுப்பு.

அன்புடன்,
மேரி