இரவு டியூட்டி நர்ஸ் அக்காவுக்கு

பிறந்த குழந்தைக்கு உதடு நன்றாகத்தான் இருந்தது. பால் மட்டும் மூக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. டார்ச் அடித்து வாய்க்குள் மேலே பார்த்து, அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள்தான் அக்கா. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் அண்ணத்தின் இரண்டு பாதியும் நடுவில் வந்து சேர வேண்டுமாம். சிலருக்குச் சேராமல் போய்விடும். “நீ எதையோ செஞ்சதால வந்தது இல்லம்மா” என்றீர்கள். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது!

வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லாததால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. அதனால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, ஒருவழி வால்வு வைத்த மெத்தென்ற பாட்டிலில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அது விழுங்க விழுங்க லேசாக அழுத்தக் கற்றுக்கொடுத்தீர்கள். என் விரல் மேல் உங்கள் விரலை வைத்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டியதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. நடுநடுவே ஏப்பம் விட வைக்கவும் சொன்னீர்கள்.

அறுவை சிகிச்சையைப் பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் செய்கிறார்கள், பேச்சு சரியாக வர வேண்டும் என்பதற்காக. எங்களுக்கும் அது நல்லபடியாக முடிந்தது. காதில் நீர் கோத்துக்கொள்ளும், கேட்கும் திறனையும் பரிசோதியுங்கள் என்றீர்களே, அதையும் விடாமல் பார்க்கிறோம். இப்போது பேச்சுப் பயிற்சி நடக்கிறது. ரொம்ப நன்றி அக்கா.