செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் செயற்குழுவில் இருப்பவர்கள் யார்?

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, இந்தப் புழுக்கத்திலும் மின்விசிறி எட்டாத பக்கம் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை மனு கொடுத்தோம், எதற்குப் பதில் வந்தது என்ற விவரமெல்லாம் உங்கள் கையில் இருக்கும் கடைசித் தாளில் அச்சாகியிருக்கிறது. அதை நான் வாசிக்கப் போவதில்லை. இந்த ஆண்டு நம்மை விடாமல் துரத்திய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த அறிக்கை. சென்ற பொதுக்குழுவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எண்ணூர் ஆற்றைக் காப்பாற்றுகிற சங்கம் என்கிறீர்கள், ஆற்றைப் பற்றிப் படித்தவர் ஒருவராவது குழுவில் இருக்கிறாரா?" என்று கேட்டார். அன்றைக்கு நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டோம். அதே கேள்வி அப்புறம் ஒரு விண்ணப்பப் படிவமாக வந்து நின்றது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி, ஓர் அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அலையாத்தி நாற்று நடுவதற்கு அந்த நிதியைக் கேட்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் எவருடைய புகைபோக்கி தெரிகிறதோ அவரிடம் கை நீட்டக் கூடாது என்று முதல் நாளே தீர்மானம் போட்டோம். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் படிவம் வந்தது. அதில் நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம்: கல்வித் தகுதி, வகித்த பதவி, துறை அனுபவம்.

துணைத் தலைவர் அக்காவின் வரிசைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவர். வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து சேற்றில் துழாவுகிற வேலை. சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு இறங்கியவர். படிவம் நிரப்ப உதவிய தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு 'கம்யூனிட்டி ரெப்ரசெண்டேடிவ்' என்று எழுதினான். அக்கா எட்டிப் பார்த்து, "என்னப்பா அது?" என்றார். அவன் விளக்கினான். "அப்ப நான் செய்யுற வேலைய எங்க எழுதுவ?" என்றார். அதற்குக் கட்டம் இல்லை.

அந்த வேலை சங்கத்துக்கு என்ன செய்தது என்பதை இந்த ஆண்டு நேரிலேயே பார்த்தோம். கொசஸ்தலை ஆற்றின் ஒரு துறையில், ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர் கரையில் நின்று, "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது" என்றார். அக்கா பதில் பேசவில்லை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினார். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிவந்து அவர் முன்னால் நீட்டினார். மேலே விரல் தடிமனுக்குக் கறுப்புச் சேறு. அதைப் பெருவிரலால் வழித்துத் தள்ளியதும் கீழே சாம்பல் நிறத்தில், குழைத்த சிமெண்டு மாதிரி ஒரு படிவு. விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது, தண்ணீரில் அலசியும் போகவில்லை. "இதுல இறால் பொந்து போடாது சார். கையும் உள்ள போகாது" என்றார். முன்பு கழுத்தளவு நின்ற இடம் எது, இப்போது முழங்கால் அளவு நிற்கும் இடம் எது என்று வரிசையாகக் காட்டினார். அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

காக்கா ஆழி விஷயமும் அப்படித்தான். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி அது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்சள் ஆழி என்கிற நம் ஊர்ச் சிப்பியையும் இறாலையும் இருக்க விடுவதில்லை. ஓட்டின் விளிம்பு இறால் தடவும் கையைக் கிழித்துவிடுகிறது. இது எந்த மாதத்தில், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குப் பரவியது என்று நம் கோப்பில் இருக்கும் குறிப்பு முழுக்க அக்காவும் அவரோடு இறங்கும் பெண்களும் சொன்னது. எழுதியது மட்டும்தான் நான்.

தலைவர் அண்ணனைப் பற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். அவர் ஓர் அனல்மின் நிலையத்தில், நிலக்கரிச் சாம்பலைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அந்தக் குழாயை ஓட்டியவனே நான்தான்" என்று அவரே கூட்டங்களில் சொல்வார். அப்படிப்பட்டவரைத் தலைவராக்கலாமா என்று சிலர் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். ஆனால் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளும்போது அது உப்புத்தாள் போல உள்சுவரைத் தேய்க்கிறது, வளைவுகளில்தான் முதலில் ஓட்டை விழும், அழுத்தம் குறைந்தால் சாம்பல் அடியில் தங்கிவிடும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். முன்பெல்லாம் சாம்பல் ஆற்றில் கசியும்போது 'குழாய் உடைந்தது' என்று மட்டும் மனு எழுதினோம். இப்போது எந்த வளைவு, ஒட்டுப் போட்ட இடமா புதிய இடமா, எத்தனை நாளாகக் கசிகிறது என்று எழுதுகிறோம். அப்படி எழுதினால் பதில் எழுதுகிறவருக்கு மழுப்புவது கஷ்டம்.

ஓய்வு பெற்ற நில அளவையர் ஐயா மீதும் இதே மாதிரிப் புகார் உண்டு. அரசுச் சம்பளம் வாங்கியவர், அவருக்கு அந்தப் பக்கம்தான் பாசம் என்பார்கள். சரி, இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் கேட்டு வாங்கிய தாள்கள் ஒரு கட்டு என் கடையில் மாதக்கணக்கில் தூங்கின. புல எண், உட்பிரிவு, 'அ' பதிவேடு எதுவும் எனக்குப் புரியவில்லை. ஐயா ஒரு மதியம் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வரைபடத்தை ஜெராக்ஸ் மெஷின் மூடி மேலேயே விரித்தார். ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது, பழைய தாளில் நீராக இருந்தது புதிய தாளில் எப்படி நிலமானது என்று பென்சிலால் கோடு போட்டார். 'புறம்போக்கு' என்ற சொல்லை வசவாகவே கேட்டு வளர்ந்தவன் நான். யாருக்கும் பட்டா போடாத பொது இடம் என்று அன்றைக்கு அவர் விளக்கியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

காசிமேட்டு விசைப்படகு உரிமையாளரை ஏன் குழுவில் சேர்த்தோம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை முழுக்கப் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆயிரத்தைத் தாண்டியது அந்த எண்ணிக்கை. ஆமை நீருக்கு மேலே வந்துதான் மூச்சு வாங்கும். இழுவலைக்குள் மாட்டி, வலை மேலே வர நேரமானால் மூழ்கியே செத்துவிடும். அந்த மாதச் செயற்குழுக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன, நாற்காலிகூட நகர்ந்தது. நம் விலங்கியல் ஆசிரியை மாணவர்களோடு கரையில் நடந்து எடுத்த குறிப்புகளை மேஜையில் வைத்தார். படகுக்காரர் முதலில், "எல்லாப் பழியும் எங்க மேலதானா?" என்றார். கட்டுமரக் குடும்பத்திலிருந்து வந்த மற்றொரு உறுப்பினர், விசைப்படகு கரையிலிருந்து 5 கடல்மைலுக்கு இப்பால் இழுக்கக் கூடாது என்பது சட்டம், அதை யார் மதிக்கிறார்கள் என்று கேட்டார். படகுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு தாளில் வலையின் படம் வரைந்து, ஆமை வெளியேறும் கம்பித் தடுப்பை எந்த இடத்தில் கட்டுவார்கள், அதன் வழியாக மீனும் போய்விடும் என்று ஏன் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று காட்டினார். அன்றைக்கு முடிவு எதுவும் எட்டவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு என்று நாம் நினைப்பவர் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால், நமக்குள்ளேயே பேசித் தலையாட்டிவிட்டுக் கலைந்திருப்போம். அவர் தொழில் சம்பந்தப்பட்ட தீர்மானங்களில் அவர் வாக்களிப்பதில்லை, எழுந்து வெளியே போய்விடுவார் என்பதையும் பதிவு செய்கிறேன். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் நேரத்தோடு இருக்கிறது.

ஆற்றைப் படித்தவர் வேண்டும் என்பது தப்பான கேள்வி இல்லை. ஆனால் இந்த மாதிரி அமைப்புகளைத் தொடங்கி நடத்தியவர்கள் எல்லோரும் பட்டத்தோடு வந்தவர்கள் இல்லை. சலீம் அலி பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலேதான் பறவைகளை எண்ணக் கிளம்பினார். நம் சென்னைக்குத் தெற்கே, வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு பிடிக்கிறவர்களே உறுப்பினர்கள். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சு அங்கிருந்து போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களின் 'துறை அனுபவ'த்தை எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஆவல்.

வடசென்னைக்காரர்களுக்கு வேறொரு பழைய பாடமும் உண்டு. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தபோது, முதலில் ஓடியாடியவர்கள் அக்கம்பக்கத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். தலைவராக வந்தவர் பி.பி. வாடியா, படித்தவர், பேச்சாளர், வெள்ளைக்காரனோடு சமமாக உட்கார்ந்து பேசக்கூடியவர். அப்படி ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் மில் நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனபோது, சமரசத்தின் பேரில் அவர் விலக நேர்ந்தது. பெரிய பெயரைத் தலைவராகப் போட்டுக்கொள்வோம் என்று நம்மில் சிலர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. பெரிய பெயர் வரட்டும், ஆலோசகராக இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தத் தெருக்களில் இருப்பவர்களாக இருக்கட்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் விவாதத்தில் சொல்லுங்கள்.

பொருளாளர் வங்கியில் காசாளராக இருந்தவர். ஐம்பது ரூபாய் டீச் செலவுக்கும் ரசீது கேட்பார், அவரோடு எனக்கு மாதம் ஒரு சண்டை. வழக்கறிஞர் தங்கை பசுமைத் தீர்ப்பாய வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் அறிக்கை தனியாக வரும்.

கடைசியாக நான். திருவொற்றியூரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். என்னைச் செயலாளராக்கியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, மனு அடிக்கும் செலவு மிச்சம். இந்தத் தகுதியின் லட்சணம் இந்த ஆண்டு தெரிந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, செயற்குழுவில் ஆள் மாறினால் படிவம் 7-ஐ மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நான் அதை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, கடையிலேயே ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டேன். தாமதக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. அதை என் கைக்காசில் கட்டினேன், சங்கக் கணக்கில் ஏற்றவில்லை. பொருளாளர் சாட்சி.

குழுவில் இல்லாதவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மணலிப் பக்கத்திலிருந்து ஒருவரும் இல்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டி வாழ்கிறவர்களும் இல்லை. எண்ணூர் ஆற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற அவர்களின் கோபம் நியாயமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தபோது பக்கிங்காம் கால்வாய் வழியாகத்தானே அது கழிமுகத்துக்கு வந்தது. மேலே இருப்பவர்களைக் கேட்காமல் கீழே காவல் காத்து என்ன செய்ய? தவிர, ஆண்கள் ஆறு பேர், பெண்கள் மூன்று பேர் என்ற கணக்கும் எனக்கு உறுத்துகிறது. முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

செயற்குழுவின் பதவிக்காலம் சட்டப்படி மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நமக்கு அது இந்தப் பொதுக்குழுவோடு முடிகிறது. மூன்று இடங்களுக்குப் பழையவர்கள் மறுபடி நிற்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேட்புப் படிவம் நுழைவாயில் மேஜையில் இருக்கிறது. இந்த முறை அதை நானே மாற்றி அடித்திருக்கிறேன். கல்வித் தகுதிக்கு ஒரு வரிதான். அதற்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். அங்கே 'கூலி' என்றோ 'வீட்டு வேலை' என்றோ ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தத் துறையில், எந்த வலையோடு, எந்த மெஷினில், எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். டீ வந்துவிட்டது; படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தால் பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்