கோர்டெஸ் கப்பல்களை எரிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்டெஸ் 1519-இல் மெக்சிகோ கரையில் இறங்கியதும் கப்பல்களுக்குத் தீ வைத்தார்; திரும்ப வழியில்லாத ஐந்நூறு பேர் வெறியோடு போரிட்டு அஸ்டெக் பேரரசைச் சாய்த்தார்கள் என்று தங்கள் நாளிதழின் தன்னம்பிக்கைப் பகுதியில் வந்திருந்தது. மேடைதோறும் கேட்கும் கதைதான். நடந்தது வேறு.

கோர்டெஸ் கப்பல்களைக் கரைதட்டவிட்டு உதவாமல் ஆக்கினார். அவரை எதிர்த்த கியூபா ஆளுநர் வெலாஸ்கஸின் ஆதரவாளர்கள் படையிலிருந்து நழுவிவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் பாய், கயிறு, இரும்புச் சாமான்களைக் கழற்றிக் கடற்கரையிலிருந்த வெராகுருஸில் பத்திரப்படுத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவைதான் கைகொடுத்தன.

தலைநகர் டெனோச்டிட்லான் ஏரிக்கு நடுவே இருந்தது. கரைக்குச் செல்ல ஏரியின் குறுக்கே நீண்ட கரைப்பாதைகள், இடையிடையே மரப்பாலங்கள். பாலத்தை எடுத்துவிட்டால் குதிரைக்கும் பீரங்கிக்கும் வழி கிடையாது. இருபுறமும் ஓடங்களிலிருந்து அம்பும் எறியீட்டியும் பாயும். 1520 ஜூன் 30 இரவு நகரிலிருந்து தப்பியோடிய ஸ்பானியர்களில் பல நூறு பேர் மாண்டது இப்படித்தான். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏரியில் கோர்டெஸ் கட்டி வைத்திருந்த நான்கு பாய்மரப் படகுகளை அஸ்டெக்குகள் கொளுத்தினார்கள். எரிந்தவை என்றால் அவைதான்!

ஏரியைப் பிடிக்காமல் நகரைப் பிடிக்க முடியாது என்பது அப்போது புரிந்தது. மார்ட்டின் லோபஸ் என்ற கப்பல் தச்சர் மேற்பார்வையில், ஸ்பானியர்களோடு சேர்ந்த டிலாஸ்கலாவில் 13 படகுகளுக்கான மரம் அறுக்கப்பட்டது. அங்கே ஆற்றை அணைகட்டித் தேக்கி மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு பிரித்து, பலகை பலகையாக மலைகளைத் தாண்டி ஏரிக்கரையிலிருந்த டெஸ்கோகோவுக்குக் கொண்டுபோனார்கள். சுமந்தவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல் என்று கோர்டெஸே ஸ்பானிய மன்னருக்கு எழுதுகிறார். அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள். படகை ஏரியில் இறக்கக் கால்வாய் வெட்டியதும் அவர்களே. பாயும் கயிறும் ஆணியும் வெராகுருஸிலிருந்து வந்தன. கப்பலோடு எல்லாம் சாம்பலாகியிருந்தால்?

அஸ்டெக் வீரர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அவர்களின் 'மக்குவாவிட்டில்' என்ற ஆயுதம், இரு ஓரமும் எரிமலைக் கண்ணாடிக் கல்லின் சில்லுகளைப் பிசினால் பதித்த மரவாள். சதையைச் சவரக்கத்தி போல் அறுக்கும். எஃகில் பட்டால் சில்லு தெறித்துவிடும். உயிரோடு பிடித்த கைதிகளின் எண்ணிக்கையை வைத்தே வீரனுக்குப் பதவி உயர்வு. இந்தப் பழக்கம் முற்றுகையில் அவர்களுக்கே வினையானது. 1521 ஜூன் 30 அன்று கோர்டெஸே அவர்கள் கையில் சிக்கினார். அங்கேயே வெட்டிப்போடாமல் இழுத்துப்போக முயன்ற நேரத்தில், கிறிஸ்டோபல் தே ஒலேயா என்ற ஸ்பானிய வீரர் பாய்ந்து மீட்டுத் தன் உயிரை விட்டார்.

அதற்காக அவர்கள் பழைய முறையிலேயே போரிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பீரங்கிக்குத் தப்ப ஓடங்களை வளைத்து வளைத்துச் செலுத்தினார்கள். பிடிபட்ட ஸ்பானிய வாள்களை நீண்ட கழிகளில் கட்டிக் குதிரைகளைக் குத்தினார்கள். நீருக்கடியில் கூர்மரங்களை நட்டு, நாணலில் ஓடங்களை ஒளித்து, சில ஓடங்களை இரையாகக் காட்டி ஸ்பானியர்களின் பெரும் படகுகளைச் சிக்கவைத்தார்கள். பகலில் ஸ்பானியர்கள் கரைப்பாதைகளில் தூர்த்த பள்ளங்களை இரவில் மீண்டும் தோண்டினார்கள். கடைசியில் கோர்டெஸ் வீடுகளை இடித்து அந்த இடிபாட்டால் கால்வாய்களை மூட வேண்டியதாயிற்று.

நகரை வீழ்த்தியதில் சபுல்டெபெக்கிலிருந்து நகருக்கு வந்த குடிநீர்க் குழாயை உடைத்ததற்கும், 1520-இல் அஸ்டெக் மன்னர் குயிட்லாவாக்கையே பலிகொண்ட பெரியம்மைக்கும், ஸ்பானியர்களோடு சேர்ந்த டிலாஸ்கலா முதலிய நகரங்களின் பல்லாயிரம் போராளிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களைக் கணக்கில் சேர்த்தால் 'ஐந்நூறு பேர்' கதை நிற்காது.

1521 ஆகஸ்ட் 13 அன்று, ஓடத்தில் தப்ப முயன்ற கடைசி மன்னர் குவாவுத்தேமோக்கைத் துரத்திப் பிடித்ததும் அந்த 13 படகுகளில் ஒன்றே. அதன் தலைவர் கார்சியா ஓல்குயின்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்