பதில் வராத படுக்கையருகே: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நரம்பியல், தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் தம்பி பைக் விபத்தில் தலையில் அடிபட்டான். கண் விழித்தும் எங்களை அடையாளம் தெரியாதவனாகப் பதினான்கு மாதம் படுத்திருந்து இறந்துபோனான். கிடைத்த சிகிச்சையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இரவு பகல் பாராமல் அவன் உயிரைப் பிடித்து வைத்தவர்கள் மருத்துவர்களும் நர்ஸ்களும்தான். என் மனதை அறுப்பது அவனுடைய கேஸ் ஷீட்டில் இருந்த ஒரு வரி: ‘கட்டளைக்கு இணங்கவில்லை, தன்னுணர்வு இல்லை.’

முதல் பாதி கண்ணால் கண்டது. இரண்டாம் பாதி அதிலிருந்து ஊகித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

அந்தச் சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மருத்துவர் அவன் விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “கையைத் தூக்கு, என் விரலைப் பிடி” என்பார். இன்னொரு முறை சொல்வார். அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு அவன் தலைமாட்டிலேயே நின்று, இனிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று எங்களிடம் சொல்வார். அவனுக்குக் கேட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

2006-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, அதே நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை, மூளையில் எந்த இடம் உழைக்கிறது என்று படமாகக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றது. பிறகு, உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள் என்றது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மூளைப்பகுதி, நலமாக உள்ளவர்களுக்கு வேலை செய்வது போலவே அவளுக்கும் வேலை செய்தது. வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை. 2010-இல் கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் 54 பேரைச் சோதித்ததில் ஐவர் இப்படிச் சொன்னபடி நினைத்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர், ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையைப் பற்றிய ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியாக விடை சொன்னார்.

இதன் இயற்பியலை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினைக் காந்தப்புலம் மெல்ல ஈர்க்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினை ஈர்க்காது. மூளையில் உழைக்கும் இடத்துக்குத் தேவைக்கு மேலேயே புதிய இரத்தம் பாய்வதால் அங்கிருந்து கருவி பெறும் சமிக்ஞை ஒரு சிறு அளவு உயர்கிறது. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்கு ஏற்பப் படம் மாறுவதை, ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளிடம் கண்டார். சமிக்ஞையின் உயர்வு சில விநாடி தாமதித்தே வரும், இரைச்சலுக்குள் எளிதில் புதைந்துவிடும். அதனால்தான் முப்பது விநாடி நினை, முப்பது விநாடி ஓய்வெடு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இன்று ஒரே ரேடியோ அலைத் துடிப்பில் மூளையின் பல அடுக்குகளைச் சேர்த்துப் படம் பிடிக்கும் முறை வந்துவிட்டது. முன்பு முழு மூளைக்கும் இரண்டு மூன்று விநாடி ஆனது, இப்போது ஒரு விநாடிக்குள் முடிகிறது.

2024 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்த ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் இணங்காத 241 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ., தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. வழியாகச் சோதித்தார்கள். 60 பேர் உள்ளுக்குள் இணங்கினார்கள். நான்கில் ஒருவர்! அந்த எண்ணைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

உங்கள் தயக்கங்களும் எனக்குப் புரிகின்றன. வென்டிலேட்டரில் இருப்பவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோவது ஆபத்து. தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் பாழ். செலவும் அதிகம். அதோடு, நலமாக உள்ளவர்களிலேயே சிலருக்கு இந்தச் சோதனை தெளிவான விடை தருவதில்லை. ஆகவே படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதிவிடவும் முடியாது. ஆனால் இ.இ.ஜி. கருவியைப் படுக்கைக்கே கொண்டுவரலாமே. 2019-இல் நியூயார்க்கில், அடிபட்ட சில நாட்களுக்குள்ளேயே அப்படிச் சோதித்த 104 பேரில் 16 பேரிடம் மறைந்திருந்த இணக்கம் தெரிந்தது. ஓராண்டு கழித்து, ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது துணையின்றி இருக்கக்கூடிய நிலையை எட்டியவர்கள் அவர்களில் 44 சதவீதம், மற்றவர்களில் 14 சதவீதம்.

செலவே இல்லாததும் ஒன்று உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி. பேனாவையோ விரலையோ தொடராத கண்கள், தன் முகம் தெரியும் கண்ணாடி மெல்ல நகரும்போது கூடவே நகர்வதுண்டு. முறையான உணர்வுநிலை மதிப்பீட்டில் இது ஒரு படி. தம்பிக்கு யாரும் கண்ணாடி காட்டவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

கேட்பது இவ்வளவுதான். அந்த மதிப்பீட்டை ஒரு முறையோடு நிறுத்தாமல், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் செய்யுங்கள். மாநிலத்தில் இரண்டு மூன்று அரசு மருத்துவமனைகளிலாவது இந்த எஃப்.எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. சோதனைகளைச் செய்யும் வசதி வேண்டுமென்று நீங்கள் எழுதிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அரசு செவிசாய்க்கும். உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி, உச்ச நீதிமன்றம் 2018-இல் வகுத்து 2023-இல் திருத்திய முறைப்படி கூடும் மருத்துவக் குழுக்களில், உள்ளே உணர்வு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோமா என்ற கேள்வியை ஒருவராவது எழுப்புங்கள். தேடிப் பார்க்க வழியில்லாத இடத்தில் ‘தன்னுணர்வு இல்லை’ என்று எழுதாமல் ‘தன்னுணர்வு வெளிப்படவில்லை’ என்று எழுதுங்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று அவருடைய முடிவைப் பேசாதீர்கள்.

இன்னொன்று. சோதிக்கும்போது அவரவர் மொழியில், வீட்டாரைக் கேட்டு, அவரவர் அறிந்ததை நினைக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. தம்பிக்கு என்ன சொல்லலாம் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஓடிவந்து பந்து வீசுவதாக நினைக்கச் சொல்லுங்கள் என்றிருப்பேன். பதினோரு வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அன்புடன்,
ஓர் அக்கா